கார்க் கதவு லொக் வேலை செய்யவில்லையா? மோட்டர் வாங்க முன் வயரைப் பாருங்கள்

முறிகண்டிப் பிள்ளையாரடியில் காரை நிறுத்தி, எல்லோரும் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் பலருக்கு இந்தப் பிரச்சினை கண்ணில் படுகிறது. றிமோட்டை அமத்தினால் மூன்று கதவு 'டக்' என்று பூட்டுகிறது, நாலாவது அசையவில்லை. அடுத்த நாள் காலையிலேயே பார்ட்ஸ் கடைக்குப் போன் எடுத்து "பின் இடது லொக் இருக்கோ" என்று கேட்கிறோம். தயவுசெய்து அந்தப் போனை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

என் கொரோல்லா 121இல் இதேதான் நடந்தது. ஒரு கராஜில் "தம்பி, மோட்டர் போயிட்டுது, முழுசா மாத்த வேணும்" என்றார்கள். மாற்றினேன். பத்து நாள் வேலை செய்தது, பிறகு பழையபடி. அந்த நாட்களில் அம்மம்மாவைக் கிளினிக்குக் கொண்டுபோய் இறக்கப் பார்த்தால், கதவு பூட்டின நிலையில் நின்றுவிட்டது, லொக் குமிழை இழுக்க அவருடைய விரலுக்குப் பலமில்லை, நான் சுற்றி ஓடிப்போய் மற்றப் பக்கத்தால் கையை விட்டுத் திறக்கும்வரை அவர் வெயிலுக்குள் பயந்துபோய் இருந்தார். அன்று பின்னேரமே கதவை நானே கழற்றினேன். கதவுக்கும் காரின் உடம்புக்கும் இடையில் போகும் இறப்பர் குழாய்க்குள் ஒரு வயர், வெளியுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் முறிந்திருந்தது. கழற்றி எறியச் சொன்ன மோட்டரைப் பற்றரியில் தொட்டுப் பார்த்தேன், அது நல்ல மோட்டர்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. நம் பக்கம் ஓடுகிற கார்களில் பல 15, 20 வருடம் பழையவை. அதற்கு மேல் கோடையில் கிரவல் வீதிப் புழுதி, மாரியில் கதவுக்குள் இறங்கும் தண்ணீர். இந்த வயதில், இந்த மண்ணில், மோட்டரை விட வயரும் புழுதியும்தான் அதிகம் கதவைப் படுத்துகின்றன என்பது என் அனுபவம். ஆகவே அறிகுறியைப் பார்த்து, அதற்கேற்ற இடத்தில் கையை வையுங்கள்.

முதலில் இரண்டு விஷயம்

லொக் மோட்டர் என்பது ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டர். இரண்டு வயர். மின்சாரம் ஒரு பக்கமாகப் போனால் பூட்டும், மாறிப் போனால் திறக்கும், வேலை அரை விநாடிக்குள் முடிந்துவிடும். சாரதிப் பக்கக் கதவில் பெரும்பாலும் வயர் கூட இருக்கும், ஏனென்றால் "நான் இப்போது பூட்டியிருக்கிறேனா, திறந்திருக்கிறேனா" என்று சொல்லுகிற ஒரு குட்டிச் சுவிச்சும் அதற்குள்ளேயே இருக்கிறது. இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

மற்றது, வோல்ட் அளக்கிற மீற்றரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரேயொரு செம்பு இழையில் தொங்கிக்கொண்டிருக்கிற வயரும் மீற்றரில் 12 வோல்ட் காட்டும், மோட்டரைக் கொடுத்தால் சுற்றாது. பழைய பிரேக் லைற் பல்ப் ஒன்றை எடுத்து இரண்டு வயர் சொல்டர் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். 21 வாற் பல்ப் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும், அந்தளவு மின்சாரத்தைத் தாங்காத வயர் உடனே அகப்பட்டுவிடும். எல்இடி சோதனை விளக்கு இதற்கு உதவாது, அது இழுப்பதே கொஞ்சம். இந்த ஒரு பல்ப்தான் எனக்கு அதிகம் காசு மிச்சம் பிடித்துத் தந்த சாமான்.

எந்தக் கதவும் அசையவில்லை

நாலும் ஒன்றாகச் செத்தால் நாலு மோட்டரும் ஒரே நாளில் பழுதாகியிருக்காது. பியூஸைப் பாருங்கள். பெட்டி மூடியின் உட்புறத்தில் 'டோர்' அல்லது 'டி/எல்' என்று குறித்திருக்கும், பொதுவாக 15, 20 அல்லது 25 ஆம்பியர். 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது. எரிந்திருந்தால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். வீட்டில் இல்லை என்று பெரிய பியூஸையோ சிகரெட் தாளையோ வைத்தால் அடுத்தது எரிவது வயர், அதுவும் கால் விரிப்புக்குக் கீழே, நீங்கள் காணாத இடத்தில்.

புதுப் பியூஸும் உடனே எரிகிறதா? கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து சாத்திப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கதவைத் திறக்கும்போதுதான் எரிகிறதென்றால், அந்தக் கதவின் இறப்பர் குழாய்க்குள் வயர் உரசிக் காரின் உடம்பில் முட்டுகிறது.

பியூஸ் நல்லது, ஆனாலும் ஒன்றும் இல்லை என்றால் சாரதிக் கதவிலுள்ள மாஸ்டர் சுவிச். றிமோட்டில் வேலை செய்து சுவிச்சில் வேலை செய்யாவிட்டால் இதுதான் என்று கிட்டத்தட்ட முடிவெடுக்கலாம். அதைக் கழற்றிப் பார்த்தால் செம்புத் தகட்டில் கறுப்புப் படிவும் செம்மண் தூளும் இருக்கும். கொன்ராக்ற் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிறே) அடித்து, மெல்லிய தாளை இடையில் விட்டு இழுத்து எடுங்கள். மண்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், மேற்பூச்சுப் போய்விடும்.

இன்னொன்று, 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்த வெள்ளத்தில் கால் வைக்கும் இடம்வரை தண்ணீர் ஏறின வாகனங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. முன் சீற்றில் இருப்பவரின் கால் பக்கச் சுவரில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும் கனெக்டர்களைக் கழற்றிப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் பிரச்சினை அங்கேதான். அதே இடத்தில் உள்ள ஏர்த் ஆணியையும் (வயரைக் காரின் உடம்போடு இணைக்கும் ஆணி) கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள்.

ஒரு கதவு மட்டும் வேலை செய்யவில்லை, அல்லது சிலநேரம் செய்கிறது, சிலநேரம் இல்லை

இதுதான் அதிகம் வருவது, ஆறுதலாகச் சொல்கிறேன்.

கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, ஒருவரைச் சுவிச்சை அமத்தச் சொல்லிவிட்டு, கதவை மெல்ல மெல்ல ஆட்டுங்கள். ஏதோவொரு கோணத்தில் 'டக்' என்று உயிர் வந்தால் மோட்டரை மறந்துவிடுங்கள். கதவுக்கும் உடம்புக்கும் இடையில் ஒரு கறுப்பு இறப்பர் குழாய் போகிறதே, அதற்குள்தான் வயர் முறிந்திருக்கிறது. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அந்த வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. இருபது வருடம் மடங்கினால் செம்பு தாங்காது. சாரதிக் கதவில் இது முந்தி வரும், அதுதானே அதிகம் திறபடுவது.

இறப்பரின் ஒரு முனையை விரலால் கழற்றிப் பின்னால் தள்ளுங்கள். கத்தி போட வேண்டாம், கிழிந்தால் மாரியில் தண்ணீர் இறங்கும். ஒவ்வொரு வயராகப் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல வயர் இழுபடாது, உள்ளே முறிந்தது இறப்பர் நாடா மாதிரி நீளும். நீண்டால் அதுதான்.

அடுத்ததில்தான் பலபேர் பிழைவிடுகிறார்கள். முறிந்த இடத்திலேயே இரண்டு முனையையும் முறுக்கி, சொல்டர் வைத்து, டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். சொல்டர் செம்பு இழைகளுக்குள் ஊறி அந்த இடத்தைக் கம்பி மாதிரி விறைக்கப்பண்ணும், மடங்குகிற இடத்தில் விறைப்பு இருந்தால் அதன் ஓரத்தில் மறுபடி முறியும். எனக்குப் பத்து நாளில் பழுதாகின கதை வேறு, லொக் மாற்றும்போது வயரை ஆட்டினதில் முறிந்த முனைகள் கொஞ்ச நாள் முட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவே. ஆகவே முறிந்த துண்டை முழுதாக வெட்டி எறிந்துவிட்டு, மெல்லிய இழைகள் நிறைந்த வளையக்கூடிய வயரில் ஒரு சாண் எடுத்து, ஒரு இணைப்பைக் கதவுக்குள்ளும் மற்ற இணைப்பை உடம்புக்குள்ளும் வருமாறு போடுங்கள். இறப்பருக்குள் இணைப்பே இருக்கக்கூடாது. சொல்டருக்கு மேல் சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். நம் வெயிலில் கறுப்பு டேப்பின் பசை ஒரு கோடைக்குள் உருகி வழுக்கிவிடும். ஒரு வயர் முறிந்திருந்தால் பக்கத்தில் உள்ளவையும் அதே வயதுதான், எல்லாவற்றையும் ஒரே நாளில் இழுத்துப் பாருங்கள்.

கதவை ஆட்டியும் உயிர் வரவில்லை என்றால் கதவின் உட்பக்கத் தட்டைக் கழற்றத்தான் வேண்டும். கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். எயார்பாக் உள்ள வாகனமென்றால் ஒன்றரை நிமிடமாவது பொறுத்திருங்கள், ரொயோட்டா கைநூல்கள் சொல்வது 90 விநாடி. ஸ்குறூக்கள் ஒளிந்திருக்கும்: உள்கைப்பிடிக்குப் பின்னால் ஒன்று, கை வைக்கும் குழிக்குள் ஒன்று, கண்ணாடி மூலையில் உள்ள முக்கோண மூடிக்குப் பின்னால் சிலவேளை ஒன்று. பிறகு கீழ் ஓரத்திலிருந்து கிளிப்புகளை நெம்பி, கடைசியில் தட்டு முழுவதையும் மேல்நோக்கித் தூக்கிக் கழற்ற வேண்டும், வெளிப்பக்கம் இழுத்தால் மேல் விளிம்பு உடையும். நல்ல வெயிலில் நின்ற காரில் கிளிப் இளகி இருக்கும், அதிகாலைக் குளிரில் 'டிக் டிக்' என்று முறியும். ஆகவே மத்தியானத்துக்குப் பிறகு, ஒரு மர நிழலில் வைத்துச் செய்யுங்கள். ஐந்தாறு கிளிப் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

தட்டு கழன்றதும் மைனஸைத் திரும்பக் கொழுவி, லொக் மோட்டரின் கனெக்டரைக் கழற்றி, மோட்டருக்குப் போகும் இரண்டு வயருக்கும் குறுக்கே அந்தப் பல்பைப் பிடியுங்கள். ஒருவர் பூட்டு, திற என்று மாறி மாறி அமத்தட்டும். இரண்டு தரமும் பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்தால் வயர் நல்லது, குற்றம் மோட்டரில். மங்கலாக எரிந்தால் அல்லது எரியவே இல்லையென்றால் மோட்டரில் கை வைக்காதீர்கள், வயரோடு பின்னால் போங்கள். எலி கடித்த இடமும் இப்படித்தான் அகப்படும், நெல் மூட்டை ஏற்றின வாகனங்களில் நான் கண்டிருக்கிறேன்.

மோட்டர் சத்தம் கேட்கிறது, கதவு பூட்டவில்லை

சத்தம் எப்படி என்று காதைக் கொடுங்கள். 'டக்' என்று பலமாகக் கேட்டு குமிழ் அசையாவிட்டால் கம்பி கழன்றிருக்கிறது. கம்பியைப் பிடிக்கும் சின்னப் பிளாஸ்டிக் கிளிப் காய்ந்து வெடித்திருக்கும். அதை மட்டும் மாற்றினால் சரி. 'கிர்ர்' என்று சுற்றுகிற சத்தம் என்றால் உள்ளே பிளாஸ்டிக் பல்லுத் தேய்ந்துவிட்டது, முழு லொக்கையும் மாற்றத்தான் வேண்டும்.

மெதுவாக இழுக்கிறது, அரைவாசியில் நிற்கிறது, வெயில் ஏற ஏற மோசமாகிறது

இரண்டு காரணம். ஒன்று நம் புழுதி. கதவின் ஓரத்தில் கொளுக்கி இருக்கிற வாயால் புழுதி உள்ளே போய், பழைய கிறீஸோடு சேர்ந்து களிமண் மாதிரி ஆகிவிடும். அதற்கு மேல் எஞ்சின் ஒயில் விடாதீர்கள், இன்னும் புழுதி பிடிக்கும். ஸ்பிறே ஒயில் அடித்து ஊறவிட்டு, பழைய பல்லுத் தேய்க்கிற பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு வெள்ளைக் கிறீஸ் கொஞ்சமாகப் பூசுங்கள். திறப்புப் போடும் துவாரத்துக்கு ஒயிலும் வேண்டாம், கிறீஸும் வேண்டாம். பென்சில் கூரைத் திறப்பின் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்து, பத்துத் தரம் உள்ளே விட்டுத் திருப்புங்கள்.

இரண்டாவது, மோட்டரே களைத்துவிட்டது. உள்ளே கரித்துண்டு தேய்ந்து, மின்சாரம் சரியாகப் போகாது. பல மோட்டர்களில் சூடானால் மின்சாரத்தைக் குறைக்கிற ஒரு சின்னப் பாதுகாப்புத் தகடும் உண்டு. சுவிச்சைப் பத்துத் தரம் விடாமல் அமத்தினால் லொக் நின்றுபோய், கொஞ்சநேரம் கழித்துத் திரும்ப வேலை செய்வது இதனால்தான், அது பழுதில்லை. ஆனால் முதல் அமத்தலிலேயே திணறினால் மோட்டரின் காலம் முடிந்தது. அந்தத் தகட்டைக் கழற்றி எறிந்தால் பலம் வரும் என்று சிலர் செய்கிறார்கள், செய்யாதீர்கள், மோட்டர் இறுகி நிற்கிற நாளில் எரிவதைத் தடுக்கவே அது இருக்கிறது.

முழு லொக்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வரும்வரை பொறுக்க முடியாது என்றால், உள்ளே உள்ள மோட்டரை மட்டும் மாற்றலாம். பல ஜப்பான் கார்களில் எஃப்சி-280 வகை மோட்டர்தான் இருக்கும், அது தனியாகக் கிடைக்கும். தண்டின் நீளமும் வடிவமும் மாறுபடும், ஆகவே பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். லொக்கைக் கழற்ற, கதவின் ஓரத்தில் மூன்று ஸ்குறூ. அவை நட்சத்திரத் தலை என்றால் அநேகமாக டி-30 முனை பொருந்தும். கூட்டல் குறி மாதிரி வெட்டு உள்ளதென்றால் சாதாரண ட்ரைவர் வழுக்கித் தலையைத் தின்றுவிடும், ஜப்பான் ஸ்குறூவின் வெட்டு வேறு. சரியான முனையை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். கூட்டைத் திறக்க முன் மொபைலில் நாலு பக்கமும் படம் எடுங்கள். மோட்டர்த் தண்டிலுள்ள பல்லைக் கழற்றிப் புதியதில் அதே ஆழத்துக்கு ஏற்றுங்கள். திரும்பப் பூட்ட முன் பற்றரியில் அரை விநாடி தொட்டுப் பாருங்கள், வயரை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம் அடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள்.

பூட்டின கையோடு தானாகத் திறக்கிறது

பலரும் பதறுவது இதற்குத்தான். முதலில், இது பழுதுதானா என்று பாருங்கள். திறப்பு ஸ்ராட்டரில் இருக்க, சாரதிக் கதவும் திறந்திருந்தால் பல கார்கள் பூட்ட விடாது, திறப்பு உள்ளே அகப்படாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். அதேபோல் றிமோட்டால் திறந்துவிட்டு ஒரு கதவும் திறக்காமல் விட்டால் சுமார் 30 விநாடியில் தானாகவே பூட்டிக்கொள்ளும், சில மொடல்களில் 60. இந்த இரண்டாவதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், பிள்ளை இருக்கிற காரில் திறப்பை உள்ளே போட்டுவிட்டு இறங்கவே கூடாது. பரந்தன் வெளியில் சித்திரை வெயிலுக்குக் கண்ணாடி பூட்டின கார் சில நிமிடத்திலேயே அடுப்பாகிவிடும்.

அப்படியொன்றும் இல்லை என்றால் சாரதிக் கதவின் அந்தக் குட்டிச் சுவிச். பூட்டினாலும் அது "திறந்திருக்கிறேன்" என்று பொய் சொல்கிறது, கட்டுப்பாட்டுப் பெட்டி அதை நம்பி எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது. கொம்பனி லொக்கில் இது உள்ளே இருப்பதால் கூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். வெளியில் வாங்கிப் பூட்டின சென்றல் லொக் கிற் என்றால் அநேகமாகக் கம்பியின் அளவுதான் பிழை: மோட்டர் முழுத்தூரம் போக முன் குமிழ் முட்டி நின்று பின்னால் தள்ளுகிறது. கம்பியைப் பிடிக்கும் ஸ்குறூவை இளக்கி, குமிழையும் மோட்டரையும் நடுத்தூரத்தில் வைத்து இறுக்குங்கள். கிற்களில் பொதுவாக நீலமும் பச்சையும் மோட்டருக்கு, வெள்ளை, மண்ணிறம், கறுப்பு சுவிச்சுக்கு. மாற்றிக் கொடுக்க வேண்டாம்.

றிமோட்டில் மட்டும் வேலை செய்யவில்லை

சுவிச்சில் நாலும் பூட்டுகிறதென்றால் கதவைக் கழற்றாதீர்கள். றிமோட் பற்றரியை மாற்றுங்கள், 3 வோல்ட் நாணயப் பற்றரி, அளவு பழையதில் எழுதியிருக்கும். பற்றரி தொடும் தகடு தளர்ந்திருந்தால் சற்று நிமிர்த்துங்கள்.

பின்கதவு உள்ளே இருந்து மட்டும் திறக்கவில்லை

கதவின் ஓரத்தில் சின்ன நெம்பு ஒன்று இருக்கும், சிறுவர் லொக். காரைக் கழுவும்போது விரல்பட்டு மாறியிருக்கும். இதற்காக வவுனியா வரை போய் வந்தவர்களை எனக்குத் தெரியும்.

கதவு சாத்தினபடியே இறுகிவிட்டது, உள்ளேயும் திறக்காது, வெளியேயும் திறக்காது

கஷ்டமான வேலை, ஆனால் முடியும். ஒருவர் சுவிச்சில் 'திற' என்று அமத்திக்கொண்டிருக்க, நீங்கள் லொக் இருக்கும் இடத்துக்கு நேரே கதவை வெளியிலிருந்து உள்ளங்கையால் தட்டிக்கொண்டே கைப்பிடியை இழுங்கள். புழுதியில் இறுகியதென்றால் பலதடவை இதிலேயே விடும். விடாவிட்டால் சீற்றைக் கழற்றிவிட்டு, கதவு சாத்தினபடியே உள்தட்டைக் கழற்ற வேண்டும், கீழ் ஓரத்துக் கிளிப்புகளுக்குக் கை போகாது, தட்டில் கொஞ்சம் சேதம் வரும், அதற்கு மனதைத் தயார்பண்ணிக்கொள்ளுங்கள். தட்டு இளகினதும் கையை விட்டு, கைப்பிடியிலிருந்து லொக்குக்குப் போகும் கம்பியைத் திறக்கிற பக்கமாகத் தள்ளுங்கள்.

திரும்பப் பூட்டும்போது

தட்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பொலித்தீனை மறக்காமல் திரும்ப ஒட்டுங்கள், கிழிந்திருந்தால் புதுப் பொலித்தீன் வெட்டி ஒட்டுங்கள். அதுதான் கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும், அவற்றைக் கம்பியால் குத்திப் பாருங்கள், குளவி மண் வைத்து அடைத்திருக்கும். அடைத்தால் மாரி முழுக்கத் தண்ணீர் கதவுக்குள் நின்று, நீங்கள் இவ்வளவு பாடுபட்ட மோட்டரையும் வயரையும் அரிக்கும்.

கதவைச் சாத்த முன், திறந்தபடியே ஒரு ட்ரைவரால் கொளுக்கியைப் பூட்டின நிலைக்குத் தள்ளி, சுவிச்சாலும் றிமோட்டாலும் பூட்டித் திறந்து, பிறகு உள்கைப்பிடி, வெளிக்கைப்பிடி இரண்டாலும் கொளுக்கி விடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் விட்டால் மட்டும் சாத்துங்கள். பற்றரி கழற்றின காரில் சாரதிக் கண்ணாடி ஒரே தட்டில் முழுசாக ஏறாமல் நிற்கலாம், கண்ணாடியை மேலே முட்ட ஏற்றிவிட்டுச் சுவிச்சை இரண்டொரு விநாடி அப்படியே பிடித்திருங்கள், பழையபடி வந்துவிடும்.